சந்தேகப்பட எந்திரம், தீர்ப்புக்கு மனிதன்

நடுவர் அவர்களே! எதிரணி நண்பர்களே!

இணையதளத்தைத் தாக்க வருகிற கயவனை இனம் காண்பதில் விஞ்சி நிற்பது எந்திரமா, மனிதனா? எந்திரம்தான்னு எதிரணித் தம்பி அடிச்சுச் சொல்லிட்டு உட்கார்ந்துட்டார். தம்பி, நீங்க சொல்ல மறந்ததையும் நானே சொல்லிடறேன்! (சிரிப்பு)

2001 ஜூலை 19. ‘கோட் ரெட்’ என்றொரு கணினிப் புழு. இணையதளங்களைத் தாங்கி நிற்கும் சர்வர்களைத் தேடித் தேடிப் பிடித்தது. பதினான்கு மணி நேரத்துக்குள் 3,59,000 கணினிகள்! அது அனுப்பிய கோரிக்கையில் ‘என்’ என்ற ஆங்கில எழுத்து வரிசையாக நிற்கும். சரி, அதை அடையாளமா வச்சுப் பிடிச்சிடலாம்னு பார்த்தா, அடுத்த மாதமே ‘கோட் ரெட் 2’ வந்தது. அதே ஓட்டை, ‘என்’னுக்குப் பதிலாக ‘எக்ஸ்’! சட்டை நிறத்தைச் சொல்லித் திருடனைத் தேடினா, அவன் சட்டையை மாத்திக்க மாட்டானா? (சிரிப்பு)

அதனால்தான் நல்ல கோரிக்கை, கெட்ட கோரிக்கை இரண்டையும் ஆயிரக்கணக்கில் காட்டி, எந்திரத்தையே தரம் பிரிக்கப் பழக்கினார்கள். எந்தக் குறி எத்தனை தடவை வருது, எதுக்குப் பக்கத்துல எது நிக்குதுன்னு எண்ணிப் பார்த்து, கண் இமைக்கும் நேரத்தில் சொல்லிவிடும். அந்த வேகம் மனிதனுக்கு வராது. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் நடுவர் அவர்களே, நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். ஒரு கல்லூரியில் சேர்க்கைக்குக் கடைசி நாள். கூலி வேலை செய்யும் ஒரு தகப்பனார், மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் பிடித்து நேரிலேயே வந்துவிட்டார். “ஐயா, மூணு தடவை கம்ப்யூட்டர்ல அனுப்பியும் நிராகரிச்சிருச்சு. எம் பொண்ணு என்ன தப்புப் பண்ணுச்சு?”

அந்தப் பெண் செய்த குற்றம் என்ன தெரியுமா? அவள் குடியிருந்தது ‘பஞ்சாயத்து யூனியன் ஆபீஸ் தெரு’! தரவுத்தளத்தில் தகவல் திருடும் கட்டளையிலும் ‘யூனியன்’ என்ற சொல் வரும். அதைக் கண்டாலே சந்தேகப்பட அந்த எந்திரத்துக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். ஊழியர் ஒருவர் எட்டிப் பார்த்தார். “அட, இது விலாசம்ங்க!” என்றார். அந்தப் பெண்ணுக்கு இடம் கிடைத்தது. (கைதட்டல்)

‘வேங்கை’ என்றால் புலி. வேங்கை என்றால் மரம். இடம் பார்த்துப் பொருள் கொள் என்பது தமிழ் இலக்கணம். நல்லாப் பழக்கினா எந்திரமும் இடம் பார்க்கும்னு தம்பி சொல்லலாம். பழக்குறது யாரு தம்பி? இது புலி, இது மரம்னு முதல்ல முத்திரை குத்தினவன் மனிதன். அவன் தப்பாக் குத்தினா, எந்திரமும் தப்பாத்தான் படிக்கும்.

எந்திரம் காவல் நிற்கட்டும். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது தடுத்து நிறுத்திய நிரபராதி வந்து தட்டுவதற்கு ஒரு கதவு வேண்டும். கதவுக்குப் பின்னால் ஒரு மனிதன் இருக்க வேண்டும். அன்றைக்கு அந்த ஊழியர் இல்லையென்றால், ஒரு குடும்பத்தின் முதல் பட்டம் வாசலோடு போயிருக்கும்! (பலத்த கைதட்டல்)