மெலிந்தது போதும், இனி உழைக்கட்டும்!



2010-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஆப்பிள் நிறுவனத்தின் முதல் ஐபேட் விற்பனைக்கு வந்தது. அதன் தடிமன் 13.4 மில்லிமீட்டர். எடை 680 கிராம். ஒருமுறை சார்ஜ் செய்தால் 10 மணி நேரம் வரை பயன்படுத்தலாம் என்று சொல்லி விற்றார்கள். 2024-ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்த 13 அங்குல ஐபேட் புரோவின் தடிமன் வெறும் 5.1 மில்லிமீட்டர். திரை பெரிதாகியும் எடை 579 கிராமுக்கு இறங்கிவிட்டது. சரி, இது எத்தனை மணி நேரம் தாங்கும்? அதே 10 மணி நேரம்தான்!

பதினான்கு ஆண்டு காலத் தொழில்நுட்ப வளர்ச்சி எங்கே போனது? மெலிவுக்குப் போனது. பளிச்சென்ற திரைக்குப் போனது. வேகமான சில்லுக்குப் போனது. இவையெல்லாம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால், அடுத்த தலைமுறைத் தட்டைக் கணினி எப்படி இருக்க வேண்டும் என்று அதைத் தினமும் கையில் பிடிப்பவர்களிடம் கேட்டால், "இன்னும் மெலிதாக வேண்டும்" என்பது முதல் பதிலாக இருக்காது. "வாங்கிய பொருள் நாலு வருஷமாவது உழைக்க வேண்டாமா?" என்பதுதான் வீட்டுக்கு வீடு கேட்கும் கேள்வி.

அந்தக் கேள்விக்கு விற்பனைக் கணக்கிலேயே சான்று இருக்கிறது. உலக அளவில் தட்டைக் கணினி விற்பனை 2014-ஆம் ஆண்டில் உச்சத்தைத் தொட்டு, பிறகு பல ஆண்டுகள் சரிந்தது. கொவிட்-19 கிருமிப் பரவலின்போது வீட்டிலிருந்தே படிக்கவும் வேலை பார்க்கவும் வேண்டி வந்த பிறகுதான் அது மீண்டும் நிமிர்ந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் மக்கள் தட்டைக் கணினியை வெறுத்துவிட்டார்களா? இல்லை. கையில் இருப்பது போதும் என்று பழையதையே வைத்துப் பயன்படுத்தினார்கள். கைத்தொலைபேசியை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுபவர்கூடத் தட்டைக் கணினியை அப்படி மாற்றுவதில்லை. குளிர்பதனப் பெட்டியைப் போல, அது வீட்டுக்கு ஒருமுறை வாங்கும் பொருளாகிவிட்டது. ஆனால் தயாரிப்பவர்கள் இன்னமும் அதைக் கைத்தொலைபேசி என்று நினைத்தே செய்கிறார்கள்.

மாணவர் கையில் நான்கு ஆண்டுகள்

சிங்கப்பூரையே எடுத்துக்கொள்ளுங்கள். உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு கற்றல் சாதனம் வேண்டும் என்ற திட்டத்தைக் கல்வி அமைச்சு 2020-இல் அறிவித்தது. முதலில் 2028-ஐ இலக்காக வைத்திருந்தது. கிருமிப் பரவலால் வீட்டிலிருந்து கற்கும் நிலை வந்ததும், அதை 2021-ஆம் ஆண்டு இறுதிக்கே முன்கொண்டு வந்தது. சில பள்ளிகளில் ஐபேட், சில பள்ளிகளில் குரோம்புக், வேறு சிலவற்றில் விண்டோஸ் மடிக்கணினி. எடுசேவ் கணக்கிலிருந்து பணம் செலுத்தலாம். வசதி குறைந்த குடும்பங்களுக்கு உதவித்தொகையும் உண்டு. நல்ல திட்டம்தான், சந்தேகமில்லை.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. உயர்நிலை ஒன்றில் சேரும் பிள்ளை, நான்கு ஆண்டுகள் அந்தச் சாதனத்தைப் பயன்படுத்துகிறது. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு ஒரு முழுச் சார்ஜ் என்று வைத்துக்கொண்டாலே, நான்கு ஆண்டுகளில் 1,040 முறை ஆகிவிடும். தட்டைக் கணினியில் இருப்பது லித்தியம் அயன் மின்கலம். ஒவ்வொரு முறை நிரம்பிக் காலியாகும்போதும் அதன் கொள்ளளவு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். சூடான இடத்தில் வைத்தாலும், எந்நேரமும் முழுச் சார்ஜிலேயே செருகி வைத்தாலும் இன்னும் சீக்கிரம் தேயும். ஆயிரம் முறைக்குப் பிறகு 80 விழுக்காடு மிஞ்சினால் அது நல்ல மின்கலம். அப்படியென்றால், எந்த ஆண்டில் பிள்ளைக்கு அது அதிகம் தேவைப்படுகிறதோ, தேர்வு எழுதும் அந்த ஆண்டில்தான் அது மதியத்திற்குள் களைத்துப் போகிறது!

மின்கலத்தை மாற்றினால் தீர்ந்தது என்பீர்கள். அங்கேதான் மெலிவின் விலை தெரிகிறது. பெரும்பாலான தட்டைக் கணினிகளில் திரையும் மின்கலமும் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். சூடுகாட்டி, பசையை இளக்கி, கண்ணாடி விரிசல் விடாமல் திரையைக் கழற்ற வேண்டும். கைதேர்ந்தவர் செய்ய வேண்டிய வேலை. செலவைக் கேட்டுவிட்டு, "இதற்குப் புதிதே வாங்கிவிடலாமே!" என்று பெற்றோர் திரும்பி வந்துவிடுகிறார்கள். தேய்ந்தது ஒரே ஒரு பாகம். குப்பைக்குப் போவது முழுக் கணினி.

சிங்கப்பூரில் ஆண்டுதோறும் சேரும் மின்னணுக் கழிவு ஏறக்குறைய 60,000 டன் என்று தேசியச் சுற்றுப்புற வாரியம் சொல்கிறது. 2021-ஆம் ஆண்டு ஜூலை முதல் பழைய மின்னணுப் பொருள்களைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள்மீது சட்டம் சுமத்தியிருக்கிறது. மறுசுழற்சி நல்லதே. ஆனால் குப்பையாகாமலே இருப்பது அதைவிட நல்லதல்லவா?

ஐரோப்பா காட்டும் வழி

இந்த மனக்குறைக்கு ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் மூலம் பதில் சொல்லியிருக்கிறது. 2025-ஆம் ஆண்டு ஜூன் 20 முதல் அங்கு சந்தைக்கு வரும் புதிய திறன்பேசிகளுக்கும் தட்டைக் கணினிகளுக்கும் சில விதிகள் உண்டு. 800 முறை சார்ஜ் செய்த பிறகும் மின்கலத்தில் குறைந்தது 80 விழுக்காடு கொள்ளளவு இருக்க வேண்டும். ஒரு மாதிரியின் விற்பனை முடிந்த பிறகும் ஏழு ஆண்டுகளுக்கு முக்கிய உதிரிப் பாகங்கள் கிடைக்க வேண்டும். பழுது பார்ப்பது எவ்வளவு எளிது என்று கடைக்கு வருபவர் பார்த்ததும் புரியும்படி, எழுத்துத் தரம் போட்ட ஒட்டுவில்லை ஒட்ட வேண்டும்.

"அது அவர்கள் ஊர்ச் சட்டம், இங்கே அதனால் என்ன பயன்?" என்று கேட்கலாம். யுஎஸ்பி-சி கதையை நினைத்துப் பாருங்கள். எல்லாச் சாதனத்திற்கும் ஒரே வகைச் சார்ஜர் என்று ஐரோப்பா சட்டம் போட்டது. 2024-ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் அது நடப்புக்கு வந்தது. ஆனால் 2023-ஆம் ஆண்டிலேயே ஐபோன் உலகம் முழுவதும் யுஎஸ்பி-சிக்கு மாறிவிட்டது. ஒரு சந்தைக்கு ஒன்று, இன்னொரு சந்தைக்கு வேறொன்று என்று இரண்டு விதமாகச் செய்வது தொழிற்சாலைக்குக் கட்டுப்படியாகாது. நல்ல விதி ஓரிடத்தில் வந்தால், அதன் பலன் தேக்கா கடைத்தெரு வரைக்கும் வந்து சேரும்.

மென்பொருளுக்கும் ஆயுள் உண்டு

மின்கலம் நன்றாக இருந்தும், திரையில் கீறல்கூட இல்லாமல் இருந்தும், ஒரு தட்டைக் கணினி செத்துப்போகலாம். புதிய இயங்குதளம் வருவது நின்றுவிட்டால், வங்கிச் செயலி ஒருநாள் திறக்காது. பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க ஆள் இருக்காது.

முதல் ஐபேடுக்கு அதுதான் நடந்தது. 2011-ஆம் ஆண்டு மார்ச் மாதம் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. 2012 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 6 அதில் ஓடவில்லை. கடைசி நாள்களில் வாங்கியவருக்கு ஒன்றரை ஆண்டுதான் கிடைத்தது. தமிழ் வாசகர்களுக்கு இதில் இன்னொரு வருத்தமும் உண்டு. அந்தக் காலத்தில் ஐபேடில் தமிழ் எழுத விரும்பியவர்கள், மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் போன்ற செயலியில் எழுதி, அதை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினார்கள். 2013-இல் ஐஓஎஸ் 7 வந்தபோதுதான் தமிழ் 99, அஞ்சல் ஆகிய விசைமுகங்கள் உள்ளேயே அமைந்து வந்தன. தமிழர்கள் காத்திருந்த வசதி அது. ஆனால் முதல் ஐபேடை ஆசையாக வாங்கியவர்களுக்கு அது வந்து சேரவே இல்லை. கருவி நன்றாக இருந்தது, கதவுதான் மூடப்பட்டுவிட்டது.

இப்போது நிலைமை மாறி வருகிறது. புதிய பிக்சல் திறன்பேசிகளுக்கு ஏழு ஆண்டுகள் புதுப்பிப்பு தருவதாகக் கூகல் 2023-இல் அறிவித்தது. சாம்சங் 2024-இல் கேலக்ஸி எஸ்24 வரிசைக்கு அதையே சொன்னது. ஐரோப்பிய விதியும் ஐந்து ஆண்டுகள் கேட்கிறது. அந்த ஐந்து ஆண்டு, மாதிரி அறிமுகமான நாளிலிருந்து அல்ல, அதன் விற்பனை முடிந்த நாளிலிருந்து தொடங்குகிறது. இந்த வேறுபாடு முக்கியம். தள்ளுபடி விலையில் கடைசியாக வாங்குபவர்தான் பெரும்பாலும் வருமானம் குறைந்தவர். அவர் ஏமாறக்கூடாது. விலை உயர்ந்த மாதிரிக்கு மட்டுமின்றி, 200 வெள்ளித் தட்டைக் கணினிக்கும் இந்த வாக்குறுதி வேண்டும் என்பதே பயனீட்டாளர்களின் எதிர்பார்ப்பு.

குறிப்புகள் யாருக்குச் சொந்தம்?

2024-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் நடந்ததை சிங்கப்பூர்ப் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். பள்ளிச் சாதனங்களைக் கட்டுப்படுத்தும் மொபைல் கார்டியன் என்ற செயலி, உலக அளவில் ஊடுருவலுக்கு ஆளானது. இங்கு 26 உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த ஏறத்தாழ 13,000 மாணவர்களின் சாதனங்களில் இருந்தவை தொலைவிலிருந்தபடியே அழிக்கப்பட்டன. பிள்ளைகள் எந்தத் தவறும் செய்யவில்லை. கையிலிருந்த சாதனம் கீழே விழவும் இல்லை. ஆனாலும் மாதக்கணக்கில் எழுதிச் சேர்த்த பாடக் குறிப்புகள், தேசியத் தேர்வுகள் நெருங்கும் வேளையில், காணாமல் போயின. கல்வி அமைச்சு அந்தச் செயலியைச் சாதனங்களிலிருந்து நீக்கி, மாணவர்களுக்கு உதவ ஆள்களை அனுப்பியது.

அந்தச் சம்பவம் சொல்லும் பாடம் என்ன? சாதனத்தைக் கட்டுப்படுத்தும் சாவி ஒருவரிடம் இருக்கலாம். சிறுவர்களின் பாதுகாப்புக்கு அது தேவையும்கூட. ஆனால் அதே சாவியால் மாணவர் எழுதியதையும் அழிக்க முடியும் என்றால், அமைப்பிலேயே கோளாறு இருக்கிறது. நாள்தோறும் தானாகக் காப்புப் பிரதி எடுக்க வேண்டும். அது அந்தக் கட்டுப்பாட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். அடுத்த தலைமுறைக் கருவியில் இது கூடுதல் வசதியாக இல்லாமல், அடிப்படையாகவே இருக்க வேண்டும்.

ஒரு வீடு, பல கைகள்

தட்டைக் கணினி ஒருவருக்கு மட்டுமே உரியது என்று நினைத்து வடிவமைத்திருக்கிறார்கள். ஆனால் வீட்டில் நடப்பது வேறு. காலையில் தாத்தா செய்தி படிக்கிறார். மாலையில் பேத்தி வீட்டுப்பாடம் செய்கிறாள். இரவில் அம்மா மின்கட்டணம் செலுத்துகிறார். தாத்தாவுக்கு எழுத்து பெரிதாக வேண்டும், பேத்திக்கு விளையாட்டுக்குத் தடை வேண்டும், அம்மாவுக்கு வங்கிக் கணக்கு மறைவாக இருக்க வேண்டும்.

ஆண்ட்ராய்டு தட்டைக் கணினிகளில் 2012-ஆம் ஆண்டிலேயே ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கணக்கு வைக்கும் வசதி வந்தது. ஐபேடில் பலர் பகிரும் முறை 2016-இல் பள்ளிகளுக்கென்று வந்தது. வீட்டில் பயன்படுத்துவோர் அதையே தங்களுக்கும் கேட்கிறார்கள். வீட்டுக்கு வீடு நான்கு கருவி விற்க நினைப்பவருக்கு அது பிடிக்காமல் போகலாம். வாங்குபவரின் பணப்பைக்கு அதுதான் பிடிக்கும்.

எழுதுகோலும் அப்படித்தான். சாம்சங்கின் சில மாதிரிகளில் எழுதுகோல் பெட்டியிலேயே வருகிறது. ஐபேடுக்குத் தனியாக வாங்க வேண்டும். கையால் எழுதினால் அச்செழுத்தாக மாறும் வசதி ஐபேடில் 2020-இல் அறிமுகமானபோது, ஆங்கிலமும் சீனமும் மட்டுமே இருந்தன. தமிழ் வகுப்பில் கட்டுரை எழுதும் பிள்ளைக்கும், தட்டச்சு வராத பாட்டிக்கும் அத்தகைய வசதி தமிழில் பிழையின்றிக் கிடைத்தால், அதுவே அவர்களுக்குப் புதிய தலைமுறைக் கருவி.

ஆகவே நேயர்களே, அடுத்த முறை கடைக்குப் போகும்போது திரை எத்தனை அங்குலம், சில்லு எவ்வளவு வேகம் என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். இன்னும் நான்கு கேள்விகள் கேளுங்கள். மின்கலத்தை மாற்ற எவ்வளவு செலவாகும்? எந்த ஆண்டு வரை புதுப்பிப்பு வரும்? பிள்ளை எழுதியது எங்கே பத்திரமாக இருக்கும்? வீட்டில் உள்ள எல்லாரும் தமிழிலேயே பயன்படுத்த முடியுமா?

விற்பனையாளருக்கு முதல் நாள் பதில் தெரியாமல் இருக்கலாம். பத்துப் பேர் கேட்டால் மேலாளரிடம் கேட்பார். நூறு பேர் கேட்டால் தயாரிப்பவர் காதுக்குப் போகும். கேட்கிற பிள்ளைக்குத்தான் பால் கிடைக்கும் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?