நாலு கொட்டை எடுத்துக் கொடு



வீட்டுக்கு விருந்தாளி வந்தால் போதும், "தாத்தாவுக்கு ஒண்ணு, ரெண்டு சொல்லிக் காட்டு கண்ணு" என்று மூன்று வயதுப் பிள்ளையை நடுக்கூடத்தில் நிறுத்திவிடுகிறோம். அதுவும் மூச்சுவிடாமல் இருபது வரை சொல்லிவிடும். நாமும் கைதட்டுகிறோம். அதே பிள்ளையின் முன்னால் ஒரு கிண்ணம் புளியங்கொட்டையை வைத்து, "எனக்கு நாலு கொட்டை எடுத்துக் கொடு" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கைக்கு வந்ததை அள்ளிக் கொடுக்கும்.

இதில் குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை. ஒப்பிப்பது வேறு, எண்ணுவது வேறு. ரோஷல் கெல்மன், கேலிஸ்டல் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1978-இல் எழுதிய நூலில் எண்ணும் திறனைப் பிரித்துக் காட்டினார்கள். எண்களை வரிசை மாறாமல் சொல்ல வேண்டும். ஒரு பொருளுக்கு ஒரு எண் என்று, எதையும் விடாமல், எதையும் இரண்டு தரம் தொடாமல் போக வேண்டும். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்று புரிய வேண்டும். கடைசியில் சொன்னேனே, அங்கேதான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள்.

ஐந்து கொட்டையை வரிசையாக வையுங்கள். குழந்தை விரல் வைத்துச் சரியாகவே அஞ்சு வரை எண்ணும். "ஆக மொத்தம் எத்தனை?" என்று கேட்டால், மறுபடி ஒண்ணிலிருந்து ஆரம்பிக்கும்! அதட்டாதீர்கள். நீங்கள் எண்ணி முடித்து, கொட்டைகளைச் சுற்றி விரலால் ஒரு வட்டம் போட்டு, "மொத்தம் அஞ்சு" என்று சொல்லிக் காட்டுங்கள். பிறகு அதே ஐந்தையும் தள்ளித் தள்ளிப் பரப்பி, "இப்ப கூடிப்போச்சா?" என்று கேளுங்கள். நாலு வயதுப் பிள்ளைகள் பலர் "ஆமா" என்பார்கள். சுவிட்சர்லாந்து அறிஞர் ழான் பியாஜே இதை அந்தக் காலத்திலேயே சோதித்து எழுதியிருக்கிறார். வாதாட வேண்டாம், மறுபடி எண்ணிப் பார்க்கச் சொன்னால் போதும்.

இதற்கெல்லாம் நம் வீட்டிலேயே பல்லாங்குழி இருக்கிறது. பதினாலு குழி, குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். பல ஊர்களில் ஒரு குழியில் நாலு சேர்ந்தால் 'பசு' என்று எடுத்துக்கொள்வார்கள். பசு சேர்ந்துவிட்டதா என்று யாரும் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருப்பதில்லை. பார்த்த மாத்திரத்தில் தெரிய வேண்டும். மூன்று, நான்கை எண்ணாமலே கண்டுகொள்வது தனியொரு திறமை. எண் விளையாட்டைக் கைபேசியில் இறக்கித் தருகிற பெற்றோர், பரண்மேல் கிடக்கிற பல்லாங்குழியை இறக்கினால் நல்லது என்பது என் கட்சி. ஒன்று மட்டும் கவனம்: மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை கொட்டையை வாயில் போட்டால் தொண்டையில் சிக்கிவிடும். அவர்களுக்குக் கரண்டி, எலுமிச்சம்பழம் போதும்.

வடிவங்களுக்கு வருவோம். படப் புத்தகத்தில் முக்கோணம் எப்போதும் கூர்முனை மேலே இருக்க, நேராக நிற்கும். அதைத் தலைகீழாகத் திருப்பினால், "இது முக்கோணம் இல்லை" என்று சொல்லும் பிள்ளைகள் நிறைய. சதுரத்தை முனையில் நிறுத்தினால் 'டைமண்ட்' ஆகிவிடுகிறது. தப்பு புத்தகத்தின் மேல்தான். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் குட்டை, நெட்டை, ஒல்லி, சாய்ந்தது என்று விதவிதமாக முக்கோணம் வெட்டி, திருப்பித் திருப்பி வையுங்கள். விளிம்பை விரலால் தடவி, எத்தனை பக்கம், எத்தனை மூலை என்று பிள்ளையையே சொல்ல விடுங்கள். 1837-இல் ஜெர்மனியில் முதல் கிண்டர்கார்டனைத் தொடங்கிய ஃப்ரோபெலும் பிள்ளைகள் கையில் பந்தும் கனசதுரக் கட்டையும் உருளையும்தான் கொடுத்தார்.

இன்று ராத்திரி சாப்பாட்டுக்குத் தட்டு வைக்கும் வேலையை உங்கள் வீட்டுப் பொடிசிடம் விடுங்கள். எத்தனை தட்டு என்று சொல்லாதீர்கள். "ஆளுக்கு ஒண்ணு" என்று மட்டும் சொல்லுங்கள். ஒரு தட்டு குறைந்தால் நீங்கள் எழுந்து போய் எடுத்துவிடாதீர்கள். இன்னும் எத்தனை வேண்டும் என்று பிள்ளையிடமே கேளுங்கள்.