தலைசுற்றலும் ஒரு பக்கெட்டும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு நேரா இங்க வந்தவங்களும் இருக்கீங்க. அதனால சுருக்கமாவே பேசுறேன்.

காதையும் உடம்போட சமநிலையையும் பரிசோதிக்கிறது என் வேலை. தலைசுற்றல்னு என்கிட்ட வர்ற பெண்கள் பலருக்கு, வர்றதுக்கு முன்னாடியே தீர்ப்பு சொல்லியாச்சு. "சாப்பிடாம வந்திருப்பா", "ரத்தம் கம்மி", "லைன்ல நிக்க சோம்பல்". ரத்தசோகையும் காரணமா இருக்கலாம், அதையும் பார்க்கணும். ஆனா இடமே சுத்துது, ஒரு பக்கமா இழுக்குதுன்னா காதைப் பார்க்காம விடக்கூடாது.

மேஸ்திரி சுவர் கட்டும்போது தூக்குக்குண்டு விட்டுப் பார்ப்பார். சித்தாள் வேலை பார்த்தவங்களுக்கு அது நல்லாத் தெரியும். அந்த வேலையைச் செய்யற உறுப்பு நம்ம ரெண்டு உள்காதுலயும் இருக்கு. பிசின் மாதிரி ஒரு படலம், அதுமேல கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்புத் துகள்கள். தலை சாய்ஞ்சா துகளோட பாரத்துல படலம் நகரும். எது மேல, எது கீழன்னு மூளைக்குச் சேதி போகும். ரெண்டு காதும் ஒத்துச் சொல்லணும். ஒரு பக்கத்துக் காது நரம்பு திடீர்னு வீங்கி வேலை செய்யலைன்னா, மூளை போடுற நேர்கோடே அந்தப் பக்கமா சாய்ஞ்சிடும்.

வெளிச்சத்துல இது தெரியாது. கதவு, சுவர், கம்பம் எல்லாத்தையும் பார்த்துக் கண்ணு சமாளிச்சிடும். அதனால கண்ணுக்குப் பிடிமானம் எதுவும் இல்லாம சோதிக்கணும். பெரிய ஆய்வகங்கள்ல இருட்டறையில ஒளிரும் கோட்டைக் காட்டுவாங்க. 2009-ல் ஜெர்மனியின் மியூனிக் மருத்துவர்கள், சாதாரண பக்கெட்டே இதுக்குப் போதும்னு எழுதினாங்க.

பக்கெட்டோட உள்பக்க அடியில ஒரு நேர்கோடு. வெளிப்பக்க அடியில டிகிரி அளவும், நடுவுல இருந்து தொங்குற ஒரு நூல்குண்டும். நோயாளி நிமிர்ந்து உட்கார்ந்து பக்கெட்டுக்குள்ள முகத்தை வச்சுப் பார்ப்பாங்க. நாங்க அதை இடமும் வலமும் திருப்பி, மெதுவா திரும்பக் கொண்டு வருவோம். கோடு நேரா நிக்குதுன்னு தோணும்போது "போதும்"னு சொல்லணும். பத்துத் தடவை செஞ்சு சராசரி எடுக்கிறோம். நல்லா இருக்கிறவங்களுக்கு 2, 2.5 டிகிரிக்குள்ள நிக்கும்.

அசெம்பிளி லைன்ல வேலை பார்க்கிற ஒரு பொண்ணு வந்தா. ரெண்டு நாள் விடாத சுத்தல், வாந்தி. மேற்பார்வையாளர் "நடிக்கிறா"ன்னுட்டார். அவளுக்குக் கோடு 9 டிகிரி இடப்பக்கம் சாய்ஞ்சிருந்தது. வெளியில தொங்குற நூல் அவளுக்குத் தெரியாது. பத்துத் தடவையும் ஒரே பக்கமா, ஏறக்குறைய ஒரே அளவுல நடிக்கிறது லேசு இல்லைங்க.

ஆறு வாரத்துல அது 2 டிகிரிக்கு வந்தது. காது முழுசா குணமாகாட்டியும் மூளை பழகிக்கும். அதுக்குப் படுத்தே கிடக்கக்கூடாது. கட்டைவிரலைப் பார்த்துக்கிட்டே தலையை இடமும் வலமும் ஆட்டுற மாதிரி பயிற்சிகளைச் சொல்லிக் கொடுப்பாங்க. முழுசா தேறுற வரைக்கும் ஏணி ஏறுறது, ஓடுற மிஷின்கிட்ட நிக்கிறது வேண்டாம்.

எல்லாத் தலைசுற்றலையும் பக்கெட் கண்டுபிடிக்காது. படுக்கையில புரளும்போது மட்டும் ஒரு நிமிஷத்துக்குள்ள சுத்தி நின்னா, அனேகமா சுண்ணாம்புத் துகள் இடம் மாறி, காதோட வளையக் குழாய்க்குள்ள போயிருக்கும். அதுல கோடு பெரும்பாலும் நேராவே வரும். தலையைச் சில நிலைகள்ல வரிசையா திருப்பித் துகளை வெளியேத்துற எப்லி முறை இருக்கு. பலருக்கு ஒண்ணு ரெண்டு தடவையிலேயே சரியாகுது. இதுக்குப் போய் மாசக்கணக்குல மாத்திரை முழுங்குறவங்களைப் பார்த்தா எனக்கு வருத்தமா இருக்கும்.

மூளைத்தண்டுல பக்கவாதம் வந்தாலும் கோடு சாயும். சுத்தலோட பேச்சு குழறுது, பார்வை ரெண்டா தெரியுது, முகம் கோணுது, கை கால் விழுது, பிடிச்சாலும் நிக்க முடியலைன்னா பக்கெட்டைத் தேடாதீங்க. உடனே 108-ஐக் கூப்பிடுங்க.

கடைசியா ஒண்ணு. தலைசுற்றலுக்குப் பயந்து வேலையை எழுதிக் கொடுத்துட்டு வந்து, குழுவுல கடன் கேட்காதீங்க. மாசச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள்ள இருக்கிற நம்ம பெண்கள்ல நிறைய பேருக்கு இ.எஸ்.ஐ. இருக்கு. டாக்டர் சான்று கொடுத்தா, வருஷத்துல 91 நாள் வரைக்கும் சம்பளத்துல 70 சதவீதம் நோய்ப் பலனா கிடைக்கும். அதுக்குச் சந்தா கட்டின நாள் கணக்கு பார்ப்பாங்க. சம்பளச் சீட்டைக் கிழிச்சுப் போடாம எடுத்து வையுங்க.