கரியைத் தேர்ந்து வாங்குதல்

காசிமேட்டில் மீன் வாங்கும் இராயபுரத்தார் செவுளைத் திறந்து பார்த்தே விலை பேசுவர். அதைச் சுடுவதற்குரிய கரியையோ பாராமல் வாங்கி வருவர். இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டுங்கள். முற்ற வெந்த கரி கணீரென ஒலிக்கும். வேகாதது அடுப்பில் புகைந்து மீனையும் கெடுக்கும். இராமநாதபுரத்துச் சீமைக்கருவேலங் கரி நின்று கனலும். அச்சிலிட்ட கரிக்கட்டி, கரித்தூளை மரவள்ளி மாவுப் பசையில் பிசைந்து செய்வது. மண் கலந்திருந்தால் சாம்பல் மிகும்.

இச்சோதனைகளில் தேறிய, புகையாத கரியே பொல்லாதது. அதிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது. ஓர் ஐப்பசி மாலையில், மழைக்கு அஞ்சி, கனலும் அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவடைத்தேன். பேரன் தலை சாய்ந்தான். வெளியே தூக்கி வந்த பின்னரே கண் விழித்தான். வேதியியல் கற்பித்தவன் நான்! இப்பொழுதெல்லாம் மழை வந்தால், எங்கள் வீட்டு மீன் குழம்புக்குப் போய்விடும்.