கொள்ளிடமும் கொதுகும்

(ஏலாக்குறிச்சியில் நடைபெற்ற கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

மொழியைப் பற்றியும் இனத்தைப் பற்றியும் கேட்டுப் பழகிய உங்களிடம் இன்று கொசுவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். முன்வரிசையில் சிலர் சிரிப்பது தெரிகிறது. சிரிக்கலாம், ஆனால் சிரிக்கின்றவர்களும் இதோ கையால் காலைத் தட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள்! பழந்தமிழர் இதனைக் கொதுகு என்றனர். நாம் கொசு என்கிறோம். ஈழத்து உறவுகள் நுளம்பு என்கின்றனர். நமக்கு இத்தனை பெயர் இருப்பதே நெடுநாள் உறவுக்குச் சான்று.

ஆனால் அது தரும் நோயின் பெயரோ வேற்று நாட்டுச் சொல். மலேரியா என்பது இத்தாலிய மொழியில் 'கெட்ட காற்று' என்று பொருள்படும். சதுப்பு நிலத்தினின்று எழும் தீய காற்றே அக்காய்ச்சலைத் தருகிறது என்று அந்நாட்டார் நம்பிய காலத்தில் இட்ட பெயர். அந்த நாட்டிலிருந்துதான் இவ்வூருக்கு ஒருவர் வந்தார். 1680இல் காசுத்திலியோனே என்னும் ஊரில் பிறந்து, இங்கு வந்து, கோவில் எழுப்பி, இவ்வூரைத் திருக்காவலூர் என்று பாடிய வீரமாமுனிவரைத்தான் சொல்கிறேன். எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் பிரித்துக் காட்டும்படி எழுத்தைத் திருத்தியவர் அவர். இவ்வூர்ப் பெயரின் முதலெழுத்தை நாம் ஐயமின்றி 'ஏ' என்று படிப்பது அவர் செய்த நன்மை. அவர் காலத்தில் இத்தாலியிலும் சரி, இங்கும் சரி, காற்றன்று, கொசுவே குற்றவாளி என்பதை யாரும் அறியார். 1897இல் செகந்திராபாத்தில் இரொனால்டு இராசு என்னும் மருத்துவர், கொசுவின் வயிற்றைக் கீறி உள்ளிருந்த நோயுயிரியைக் கண்டபின்னரே உண்மை வெளிப்பட்டது.

இப்போது செய்திக்கு வருகிறேன். உலகம் சூடேறுகிறது, சூடேறினால் கொசு பெருகும், கொசு பெருகினால் நோய் பெருகும் என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன. இது பாதி உண்மை. பாதி உண்மையை வைத்துக்கொண்டு ஊரைக் காக்க முடியாது. மீதிப் பாதி என்னவென்று பார்ப்போம்.

கொசு கடித்த உடனே நோய் வருவதில்லை. நோயாளியின் குருதியைக் குடித்த பெண்கொசுவின் உடலுக்குள் அந்நோயுயிரி வளர்ந்து, வயிற்றைத் தாண்டி, உமிழ்நீர்ச் சுரப்பியை அடைய வேண்டும். அதன் பிறகுதான் அக்கொசு கடித்தால் நோய். கொசுவின் வாழ்நாளோ பெரும்பாலும் இரண்டு மூன்று கிழமைகளே. ஆகவே இஃது ஓட்டப்பந்தயம். நோயுயிரி முதிர்வது முந்துமா, கொசு சாவது முந்துமா? வெப்பம் இந்தப் பந்தயத்தில் தலையிடுகிறது. மலேரியாவின் கொடிய வகை நோயுயிரி 20 பாகை வெப்பத்தில் முதிர்வதற்கு ஏறத்தாழ 28 நாள் வேண்டும். அதற்குள் கொசு செத்துவிடும். 25 பாகையில் 12 நாள் போதும். 16 பாகைக்குக் கீழே அது வளர்வதே இல்லை. உதகைக்கும் கோடைக்கானலுக்கும் இயற்கை கட்டிய மதில் இந்தக் குளிர்தான். சூடு ஓரிரு பாகை ஏறினால், அம்மதில் அந்த அளவுக்குத் தாழ்கிறது என்று பொருள். டெங்குவின் நச்சுநுண்மிக்கும் இதே கணக்கு. ஒரு மதிப்பீட்டின்படி அதற்கு 25 பாகையில் ஏறத்தாழ 15 நாளும் 30 பாகையில் ஒரு கிழமையும் ஆகும்.

ஆனால் சூடு ஏற ஏற நோய் ஏறிக்கொண்டே போகுமா? போகாது. மலேரியா மிக எளிதாகப் பரவுவது 25 பாகையை ஒட்டி. டெங்கு 29 பாகையை ஒட்டி. அதற்கு மேல் கொசுவே வாடிச் சாகத் தொடங்கும். நம் அரியலூர் வெயில் 40 பாகையைத் தொடும் ஊர் வெயில். அந்த வெயிலில் வெட்டவெளிக் கொசு நில்லாது. டெங்குக் கொசு வெட்டவெளியில் வாழ்வதா என்ன? அது நம் வீட்டுக்குள், கட்டிலுக்கடியில், துணி தொங்கும் மூலையில், தண்ணீர்த் தொட்டியின் நிழலில் குளுமையாக இருக்கிறது. வெயில் நமக்குத்தான்!

அடுத்தது தண்ணீர். மழை மிகுந்தால் கொசு மிகும் என்று எல்லாரும் அறிவோம். மழை பொய்த்தாலும் மிகும் என்பதை ஈழம் அறியும். 1934இல் அத்தீவின் தென்மேற்கே, எப்போதும் மழை பெய்யும் பகுதியில், பருவமழை பொய்த்தது. ஓடிக்கொண்டிருந்த ஆறுகள் நின்றன. ஆற்றுப்படுகையெங்கும் தெளிந்த நீர்க்குட்டைகள் தேங்கின. அவ்வகைக் குட்டையே மலேரியாக் கொசுவின் தொட்டில். வழக்கமாக மலேரியா மிகாத பகுதியாதலால் அங்கிருந்த மக்களின் உடலில் எதிர்ப்பாற்றலும் இல்லை. 1935ஆம் ஆண்டின் முற்பகுதிக்குள் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். அந்த நாடு பின்னர் விடாது முயன்று, 2016இல் மலேரியா அற்ற நாடென உலக நலவாழ்வு நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இதனை ஏன் இங்கே சொல்கிறேன்? இருகல் தொலைவில் கிடக்கும் கொள்ளிடத்தைப் பாருங்கள். காவிரியின் மிகைநீர் வடியும் ஆறு இது. வெள்ளம் வந்தால் கரைபுரளும். 2018 ஆகத்துத் திங்களில் முக்கொம்பு மேலணையின் மதகுகளையே பெயர்த்துக்கொண்டு போயிற்று. வெள்ளம் போனால் ஆண்டின் பெரும்பகுதி மணலும் ஆங்காங்கே குட்டையுமாய்க் கிடக்கும். அந்தக் குட்டைகளோடு மனிதன் மணல் அள்ளிய குழிகளும் சேர்ந்துகொண்டன. மாவட்டத்தின் பிற பகுதிகளில் சுண்ணாம்புக்கல் வெட்டிய பள்ளங்கள் ஏரி போல் நீர் பிடித்து நிற்கின்றன. மழை அளவாய், பரவலாய்ப் பெய்த காலம் வேறு. ஒரே நாளில் கொட்டித் தீர்த்துப் பிறகு திங்கள் கணக்கில் காய்கின்ற மழையே இனி மிகும் என்று வானிலை அறிஞர் சொல்கின்றனர். அப்படியானால் வெள்ளமும் குட்டையும், குட்டையும் வெள்ளமும்! கொசுவுக்கு இதனினும் வாய்ப்பான ஆறு ஏது?

தமிழகத்தில் 2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை வழக்கத்தில் பாதிகூடப் பெய்யவில்லை. 2017 சனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி அறிவிக்கப்பட்டது. அந்த 2017இல்தான் டெங்கு 23,000 பேருக்கு மேல் தாக்கி, அரசுக் கணக்கின்படியே 65 உயிர்களைக் கொண்டுபோனது. வறட்சிதான் முழுக் கரணியம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். நச்சுநுண்மியின் வகை மாற்றம், மக்கள் நடமாட்டம் எனப் பல கூடும். ஆனால் குழாயில் நான்கு நாளுக்கொரு முறை தண்ணீர் வந்தால், குடும்பத்தலைவி குடம், தவலை, நெகிழித் தொட்டி, சிமிட்டித் தொட்டி என்று எதிலெல்லாம் பிடிக்க முடியுமோ அதிலெல்லாம் பிடித்து வைப்பாள். டெங்குக் கொசு கேட்பது அதுவே: கலங்காத, அசையாத, மூடாத நல்ல தண்ணீர்.

பிறகு ஒருவர் வந்து, "நீ தண்ணீரைத் தேக்கினாய், உனக்குத் தண்டம்" என்று தாள் நீட்டுகிறார். தண்ணீரை ஒழுங்காகத் தராதவர்க்குத் தண்டம் உண்டா? மணற்குழியை மூடாமல் போனவர்க்கு உண்டா? தொட்டியை மூடாதது குற்றந்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் குற்றத்தை வீட்டுக்கொல்லையில் மட்டும் தேடுவது நேர்மையன்று.

இது நம் நாட்டுக்கு மட்டும் வந்த தொல்லையன்று. வீரமாமுனிவர் பிறந்த காசுத்திலியோனேயைச் சொன்னேன். அதே பெயர் கொண்ட வேறோர் ஊர் இத்தாலியின் கிழக்கே இரவென்னாப் பகுதியில் இருக்கிறது. காசுத்திலியோனே தி செர்வியா என்பர். 2007 கோடையில் அவ்வூரிலும், ஆற்றுக்கு அக்கரையிலிருந்த ஊரிலுமாக 200க்கு மேற்பட்டோர் மூட்டு முடங்கிப் படுத்தனர். ஆராய்ந்தால், சிக்குன்குனியா! உறவினரைக் காண நம் அண்டை மாநிலமாகிய கேரளத்திலிருந்து சென்ற ஒருவரின் குருதியில் அந்நோய் போயிருந்தது. காய்ச்சலோடு சென்றவர் ஒருவர். அதை ஊரெங்கும் கொண்டு சேர்த்தது அங்கே குடியேறியிருந்த புலிக்கொசு. ஆசியக் காட்டுக்கொசுவாகிய அது, தேய்ந்த உருளிப்பட்டைகளுக்குள் முட்டையாய்ப் பயணம் செய்து, 1990இல் இத்தாலித் துறைமுகத்தில் காணப்பட்டது. கொண்டுபோனது வாணிகம், குளிர்காலம் தணிந்து இடங்கொடுத்தது வெம்மை. 2025 அக்குத்தோபரிலோ, கொசுவே இல்லாத நாடென்று பெயர்பெற்றிருந்த ஐசுலாந்திலும் மூன்று கொசுக்கள் பிடிபட்டன. (சிக்குன்குனியா என்பது ஆப்பிரிக்க மக்கொண்டே மக்கள் தம் தாய்மொழியில், உடலை வளைத்து முடக்குவது என்னும் பொருள்பட இட்ட பெயர். நோயை முதலில் பட்டவர் மொழியிலேயே உலகம் அதனை அழைக்கிறது என்பது கருதத்தக்கது.)

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெம்மை மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை என்பதற்கு நம் கொள்ளிடமே சான்று. வயல்நீரில் பிறக்கும் கொசு பரப்புவது சப்பானிய மூளைக்காய்ச்சல். வடகரையில் பழைய தென்னார்க்காடும் ஒன்றாயிருந்த பெரம்பலூர் மாவட்டமும் அந்நோய்ப் பட்டியலில் இருந்தவை. தென்கரையில் தஞ்சை, நெல்வயல் கடலெனப் பரந்த மண். அங்கே நோய் மிகுதியாக அல்லவா இருந்திருக்க வேண்டும்? 2000ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வொன்று, தஞ்சைச் சிற்றூர்ப் பிள்ளைகளிடம் அந்நோய்த்தொற்று குறைவென்று காட்டிற்று. அறிஞர் சொல்லும் விளக்கம் இது: நச்சுநுண்மி பெருகுவது பன்றியிலும் கொக்கு நாரையிலும், மாட்டின் உடலில் அது பெருகுவதில்லை. இக்கொசு விரும்பிக் கடிப்பதோ மாட்டை. பன்றி குறைந்து மாடு மிகுந்த ஊரில் கொசுக்கடி மாட்டோடு போய்விடுகிறது. ஒரே வெயில், ஒரே ஆறு, ஒரே நெல். கரைக்குக் கரை நோய் வேறு. உழவு பொறிக்கு மாறித் தொழுவங்கள் வெறுமையாகும் இந்நாளில் அந்தக் காப்பு என்னவாகும் என்பது என் உள்ளத்தை உறுத்தும் கேள்வி.

சரி, செய்ய வேண்டுவதென்ன? கொசு ஒழிப்பு என்றால் துலை, நளித் திங்கள்களில், அதாவது ஐப்பசி கார்த்திகையில், புகை அடிப்பது என்று வைத்திருக்கிறோம். அந்த நாட்காட்டி இனி உதவாது. டெங்குக் கொசு தன் முட்டையைத் தொட்டியின் சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டி வைக்கிறது. தண்ணீர் வற்றினாலும் அம்முட்டை பல திங்கள் சாகாது காத்திருக்கும். நீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. உட்சுவரைத் தேங்காய்நார் கொண்டு தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை பொரித்துக் கொசுவாய்ப் பறக்க, நம் வெப்பத்தில் ஏழெட்டு நாள் ஆகும். எனவே கிழமைக்கொரு நாள், தவறாது, கோடையிலும் செய்ய வேண்டும். பத்து நாளுக்கொரு முறை செய்தால், நீங்கள் கழுவுவதற்குள் கொசு பறந்துவிட்டிருக்கும். மூடியில்லாத பெரிய தொட்டியைக் கண்ணெருங்கிய துணியால் கட்டலாம். செலவு மிகாது.

வீட்டுக்கு அது. ஆற்றுக்கும் குழாய்க்கும் ஊரவை இருக்கிறது. மே 1ஆம் நாள் ஊரவை கூடும், முழுக்கோடை. அதில் வைக்க ஒரு தீர்மானம் எழுதி வந்துள்ளேன். கொள்ளிடப் படுகையில் மணல் அள்ளிய குழிகளை மழைக்கு முன் நிரவ வேண்டும். கோடையில் தண்ணீர் விடும் நாளை முன்கூட்டி அறிவித்து அந்நாளில் விட வேண்டும். வீடுவீடாய்க் கொசுப்புழு பார்க்கும் பணியாளரை ஐப்பசி வரை காத்திராமல் மாசியிலேயே அமர்த்த வேண்டும். இம்மூன்றுதான். நல்ல தமிழில்தான் எழுதியிருக்கிறேன், அதிகாரிகளுக்கு விளங்கும்! தாள் இங்கே மேசைமேல் இருக்கிறது. கையொப்பமிட விரும்பும் தாய்மார்கள் முதலில் வரலாம். தண்ணீர் பிடிப்பவர்கள் அவர்களே ஆதலால்.