கொம்பனிச் சிப்பாயின் குடும்பம்



கொட்டாஞ்சேனைப் பக்கத்தார் வுல்வெண்டால் தேவாலயத்தை அறியாமலிரார். 1757-ஆம் ஆண்டில் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்ட ஒல்லாந்தர் கோயில் அது. ஆனால் ஒல்லாந்தக் கொம்பனியின் படையிலிருந்தோர் எல்லாரும் ஒல்லாந்தரல்லர், ஜெர்மானியரும் ஏராளம். சிப்பாய்க்கு மாதம் 9 கில்டர் அளவில் சம்பளம்.

அப்படி வந்த ஒருவனின் குடும்பத்தை இன்று எங்கே தேடுவது? கொம்பனியார் கப்பலுக்கொரு சம்பள ஏடு வைத்திருந்தனர். பெயர், பிறந்த ஊர், சேவை முடிந்த விதம் யாவும் அதிலுண்டு. ஊரிலுள்ள மனைவியோ பெற்றோரோ ஆண்டுக்கு மூன்று மாதச் சம்பளம்வரை பெற, சிப்பாய் 'மாதச் சீட்டு' ஒன்று எழுதிக் கொடுக்கலாம். அப்பணமும் கணக்கில் ஏறும். ஆராய்வோர் பற்றிக்கொள்ளும் நூலிழை அதுவே. ஏடுகள் ஹேக் நகரில் பத்திரமாயிருக்கின்றன. யொஹான் என்பவன் ஒல்லாந்த எழுத்தர் கையில் யான் ஆகிவிடுவான், அதுதான் தொல்லை. நம் கந்தையாவை ஆங்கில எழுத்தர் ஐந்து விதமாக எழுதவில்லையா! 1908-இல் தோன்றிய ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் இத்தகைய வமிசாவளிகளைத் தன் சஞ்சிகையில் அச்சேற்றிக் காத்தது.

நம் கதை வேறு. என் பாட்டனாருக்கு ஊரிலிருந்து வந்த கடிதங்கள் வெள்ளவத்தை வீட்டில் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. 1983 ஆடியில் வீட்டோடு எரிந்தன. எஞ்சியது, யாழ்ப்பாணத்திலிருந்த காணி உறுதி ஒன்றே. அதில் பூட்டனார் பெயர் உண்டு. பூட்டியார் பெயர் இல்லை. அதைச் சொல்லக்கூடிய பெரியம்மா ஒருவர் கொட்டாஞ்சேனையில் இருக்கிறார், வயது தொண்ணூற்றொன்று. வருகிற ஞாயிறு கொப்பியும் பென்சிலுமாகப் போகிறேன். உடன்வர விரும்பும் இளைஞர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைக் காணலாம்.