வாய்க்காலோடு நடக்கும் மலை



தெற்கு ஸ்பெயினில், கிரனாடா நகரத்தை விட்டுத் தெற்கே போகும் சாலை ஒரு கணவாயைத் தாண்டுகிறது. 1492-இல் கிரனாடாவைப் பறிகொடுத்த முஸ்லிம் மன்னர் போவாப்தில், அங்கே நின்று நகரத்தைக் கடைசியாகத் திரும்பிப் பார்த்துப் பெருமூச்சு விட்டதாக ஒரு கதை உண்டு. அவருக்கு ஒதுக்கிக் கொடுத்த மலைநாடுதான் அல்புஹாரா. இன்றைக்கு நாம் போகப்போவதும் அங்கேதான்.

சியேரா நெவாடா மலைத்தொடரின் தென்சரிவு அது. அந்தத் தொடரின் முலாசென் சிகரம் 3,479 மீட்டர். ஐபீரியத் தீபகற்பத்தில் அதைவிட உயரமான மலை இல்லை. ஓர்ஹிவா ஊரைத் தாண்டியதும் சாலை வளைந்து வளைந்து ஏறுகிறது. பொக்கெய்ரா பள்ளத்தாக்கில் பம்பனெய்ரா, புபியோன், கப்பிலெய்ரா என மூன்று வெள்ளை ஊர்கள், ஒன்றின் தலைக்கு மேல் ஒன்றாக. வீடுகள் மொட்டை மாடி வீடுகள். செஸ்ட்நட் மர உத்திரம், மேலே கற்பலகை, அதற்கும் மேலே தண்ணீரை உள்ளே விடாத சாம்பல் நிறக் களிமண். பேருந்தில் வருகிறவர்கள் பலர் படம் எடுத்துக்கொண்டு, சாப்பிட்டுவிட்டு, வந்த வழியே திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம்தான். இவ்வளவு காய்ந்த நாட்டில் இந்தச் சரிவு மட்டும் எப்படிப் பச்சையாக இருக்கிறது என்பது சாலையிலிருந்து தெரியாது.

இறங்கி நடக்க வேண்டும். ஆங்கில எழுத்தாளர் ஜெரால்ட் பிரெனன் 1920-இல் இங்கே யெகென் என்ற ஊரில் குடியேறியபோது, ஊருக்கு ஊர் போனது கோவேறு கழுதைப் பாதையில்தான். அப்படிப்பட்ட பாதைகளில் இன்றும் நடக்கலாம். சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்டு வழி காட்டியிருக்கிறார்கள். கொஞ்ச தூரம் போனதுமே காலடியில் சலசலப்பு கேட்கும். ஒரு முழ அகல வாய்க்கால், மலை இடுப்பைச் சுற்றிக்கொண்டு கூடவே வரும்.

இந்த வாய்க்கால்களில் பெரும்பாலானவை முஸ்லிம்கள் ஆட்சிக் காலத்தில் வெட்டியவை. அவற்றில் ஒரு வகை என்னை மிகவும் வியக்க வைக்கிறது. வசந்தத்தில் பனி உருகி ஓடும்போது, உயரத்திலேயே ஆற்றை மறித்து வாய்க்காலில் திருப்புகிறார்கள். அந்தத் தண்ணீர் வயலுக்குப் போவதில்லை. தண்ணீரை உறிஞ்சும் மண் உள்ள இடமாகப் பார்த்து மலைச்சரிவில் கொட்டிவிடுகிறார்கள். அது மலைக்குள் இறங்கி, மெதுவாகக் கசிந்து, வாரங்களோ மாதங்களோ கழித்துக் கீழே ஊற்றாகப் புறப்படுகிறது. அப்போது கோடை, வயலுக்குத் தண்ணீர் தேவைப்படும் நேரம். அணை எதுவும் கட்டாமல் மலையையே நீர்த்தேக்கமாக்கியிருக்கிறார்கள்!

இந்த வாய்க்கால்களை வெட்டியவர்களின் சந்ததி அங்கே பெரும்பாலும் இல்லை. 1568-இல் கிளர்ந்தெழுந்த மொரிஸ்கோ மக்களை, அதாவது கிறிஸ்தவத்துக்கு மாற்றப்பட்ட முஸ்லிம் வழியினரை, ஸ்பானிய ஆட்சியாளர்கள் அடக்கி, ஊரைவிட்டே வெளியேற்றி, வடக்கிலிருந்து ஆட்களைக் குடியேற்றினார்கள். தண்ணீர் விடும் முறையைக் கற்றுக்கொடுக்க ஊருக்கு இரண்டு குடும்பங்களை மட்டும் நிறுத்திக்கொண்டதாக வழிவழியாகச் சொல்கிறார்கள். பின்னாளில் பிழைப்பைத் தேடி இளைஞர்கள் நகரத்துக்குப் போக, வாய்க்கால்கள் தூர்ந்தன. 2014 முதல் கிரனாடா பல்கலைக்கழக ஆய்வாளர்களும் தன்னார்வலர்களும் மண்வெட்டியோடு ஏறி, கான்யார் போன்ற ஊர்களில் தூர்வாரி வருகிறார்கள்.

போக நினைப்பவர்களுக்கு மே, ஜூன் நல்ல மாதங்கள். கப்பிலெய்ராவில் இறங்கிக் கீழ்நோக்கிப் பம்பனெய்ராவுக்கு நடந்தால் முழங்காலுக்குத்தான் வேலை, மூச்சுக்கு இல்லை. வழியில் மடையை அடைத்த கல்லோ பலகையோ கண்ணில் பட்டால் நகர்த்திப் பார்க்காதீர்கள். கீழே யாரோ தன் முறைத் தண்ணீருக்காகக் காத்திருப்பார்.